சிம் ரேசிங்கில் உங்களுக்குப் பிடித்த தடம் எவ்வகை? ஏன்?

வளைவுப்பித்தன்

நண்பர்களுக்கு வணக்கம். சிம் ரேசிங்கில், அதாவது கணினியில் சிமுலேட்டர் வழியே ஓட்டும் கார் பந்தயத்தில், எந்தத் தடம் சிறந்தது என்று கேட்டால் ஸ்பா, சுசுகா, நோர்ட்ஷ்லைஃப் ஆகிய மூன்று பெயர்களைத் தாண்டி உரையாடல் நகர்வதில்லை. ஆகவே கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்கிறேன். பெயரை விட்டுவிட்டு வகையைச் சொல்லுங்கள். மலையின் போக்கிலேயே அமைந்த பழைய தடங்களா, வெற்று நிலத்தில் திட்டமிட்டு எழுப்பிய புதிய தடங்களா, சுவர்களுக்கு நடுவே ஓடும் நகரத் தெருக்களா, நீள்வட்ட ஓவலா? எந்த வகையானாலும் காரணத்தையும் எழுதுங்கள்.

என் விருப்பம் முதல் வகை. ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் நகரிலுள்ள மவுண்ட் பனோரமாவைச் சான்றாகக் கொள்கிறேன். அதன் நீளம் 6.213 கிலோமீட்டர், மிகத் தாழ்வான இடத்துக்கும் மிக உயரமான இடத்துக்கும் இடையே 174 மீட்டர் வேறுபாடு. பந்தயம் இல்லாத நாட்களில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டுடன் ஊர்மக்கள் போய்வரும் பொதுச்சாலை அது. மலை உச்சியில் மெக்ஃபிலமி பார்க் என்னும் இடத்தை நெருங்கும்போது காரின் முகப்புக்கு மேலே வானம் மட்டுமே தெரியும்; பாதை எங்கே திரும்புகிறது என்பது கண்ணில் படுவதற்கு முன்பே ஸ்டீயரிங்கைத் திருப்பியிருக்க வேண்டும். அதைத் தாண்டியதும் ஸ்கைலைன், எஸ்ஸஸ், டிப்பர் என்று தடம் சரசரவென்று கீழே இறங்குகிறது. அங்கே ஒரு வளைவில் செய்த சிறு பிசகு அடுத்த மூன்று வளைவுகளுக்கும் கூடவே வரும். ஃபாரஸ்ட்ஸ் எல்போவை விட்டு வெளியேறும்போது வலப்பக்கச் சுவருக்கும் காருக்கும் இடையே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதை வைத்தே, கீழே வரும் கான்ராட் நேர்பாதையில் எவ்வளவு வேகம் கிடைக்கும் என்று சொல்லிவிடலாம்.

நாற்காலியில் அமர்ந்து ஓட்டும் நமக்குப் பக்கவாட்டு விசையும் இல்லை, உயிர்பயமும் இல்லை. உடல் தராத அந்த எச்சரிக்கையை நிலம் தர வேண்டும் என்று நினைக்கிறேன். மேடுபள்ளமும் குறுகிய பாதையும் இல்லாத தடத்தில் நான் வெறும் பிரேக் புள்ளிகளைத்தான் மனப்பாடம் செய்கிறேன்.

ஆறாவதுகியர்

நீங்கள் பெயர் வேண்டாம் என்று சொன்னாலும் ஜெர்மனியின் நோர்ட்ஷ்லைஃபைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அது தனக்குத்தானே ஒரு வகை. 1927-இல் திறக்கப்பட்ட, 20.832 கிலோமீட்டர் நீளமுள்ள, எழுபதுக்கும் மேற்பட்ட வளைவுகள் கொண்ட அந்தக் காட்டுப்பாதையில் ஜிடி3 வகைப் பந்தயக் காரில்கூட ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஏழு நிமிடம் ஆகும். மற்ற தடங்களில் ஒரு வளைவில் தவறினால் இரண்டு நிமிடத்தில் அதே வளைவு மீண்டும் வரும், திருத்திக்கொள்ளலாம். இங்கே அடுத்த வாய்ப்புக்கு ஏழு நிமிடம் காத்திருக்க வேண்டும். ஆகவே பயிற்சியின் தன்மையே மாறிவிடுகிறது. ஃபுக்ஸ்ரோரே பள்ளத்தில் கார் அடித்தட்டு தரையில் உரசும்படி அமுங்கி, மறுபுறம் ஏறியவுடன் ஆடெனாவர் ஃபோர்ஸ்ட் சிக்கேனுக்கு (வேகத்தைக் குறைக்க வைக்கும் நெளிவுக்கு) பிரேக் பிடிக்க வேண்டும் என்பதைக் கை தானாகவே நினைவில் வைத்துக்கொள்ளும் நாள் வரும்; அந்த நாளுக்காகத்தான் நான் ஓட்டுகிறேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறருடன் போட்டியிட அது நல்ல இடம் அன்று. இருபது கார்கள் புறப்பட்டால் முதல் சுற்று முடிவதற்குள் சிதறிவிடும். பிறகு எல்லோரும் தனித்தனியே ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

பின்கண்ணாடி

ஆறாவதுகியர் கடைசியாகச் சொன்னதிலிருந்தே என் மறுப்பைத் தொடங்குகிறேன். நாம் ஓட்டுவது பந்தயம். தனியாக ஓட்டும்போது இன்பம் தரும் தடமும் இருபது பேருடன் ஓட்டும்போது இன்பம் தரும் தடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் பிடித்த வகையைப் பற்றிப் பேசினால் ஒருவருக்கொருவர் வேறு வேறு பொருளைப் பற்றி வாதாடிக்கொண்டிருப்போம்.

ஹெர்மன் டில்கே வடிவமைத்த தடங்களை உயிரற்றவை என்று சொல்வது இணையத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது. 1999-இல் திறந்த மலேசியாவின் செபாங்கையும் 2004-இல் வந்த பஹ்ரைனையும் எடுத்துக்கொள்ளுங்கள். நீண்ட நேர்பாதை, அதன் முடிவில் மெதுவான வளைவு, அகலமான நுழைவு. இந்த அமைப்பு தனியாக ஓட்டுபவருக்குச் சலிப்பூட்டலாம். ஆனால் முன்னால் ஒரு கார், பின்னால் இரண்டு கார் என்று ஓட்டும்போது, உட்புறம் நுழைந்தவர் வெளியேறும்போது அகன்று போவார், வெளிப்புறம் நின்றவர் உள்ளே வெட்டி மீண்டும் பக்கத்தில் வருவார், அடுத்த வளைவு எதிர்ப்பக்கம் திரும்புவதால் மறுபடி நிலை மாறும். ஒரே இடத்துக்கான சண்டை மூன்று வளைவுகளுக்கு நீள்கிறது. பாதர்ஸ்டின் மலைப்பகுதியில் இதை முயன்று பாருங்கள்; இரண்டு காருமே சுவரில் இருக்கும்.

இணைய இணைப்பின் தாமதமும் நம்மைப் போன்றோர் கணக்கில் கொள்ள வேண்டிய செய்தி. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 55 மீட்டருக்கு மேல் கடக்கிறது. சென்னையிலிருந்து ஐரோப்பிய சர்வருக்குத் தரவு போய்த் திரும்ப 150 மில்லிநொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குள் அந்தக் கார் எட்டு மீட்டர் நகர்ந்திருக்கும். நம் திரையில் தெரியும் எதிராளியின் கார், அது இப்போது எங்கே இருக்கக்கூடும் என்று மென்பொருள் கணித்து வரைந்த உருவம். நேர்பாதையில் இந்தக் கணிப்பு ஏறக்குறைய சரியாக இருக்கும். எதிராளி திடீரென்று பிரேக் பிடித்தாலோ திரும்பினாலோ தவறும். அந்தத் தவறை விழுங்க அகலமான தடத்தில் இடம் இருக்கிறது, குறுகிய தடத்தில் இல்லை.

இடப்புறம்மட்டும்

சண்டை நீள்வதுதான் அளவுகோல் என்றால் ஓவலை எப்படி விட்டீர்கள்? பெயரைக் கேட்டதும் "இடப்பக்கம் திருப்பிக்கொண்டே இருப்பதில் என்ன இருக்கிறது" என்பார்கள். அப்படிச் சொல்பவர்களில் பெரும்பாலோர் ஒரு முழுப் பந்தயமும் அங்கே ஓட்டிப் பார்த்தவர்கள் அல்லர்.

ஓவல் என்பதும் ஒரே வகை இல்லை. அமெரிக்காவின் டல்லடேகாவில் வளைவுகள் 33 பாகை சாய்ந்தவை, டேடோனாவில் 31 பாகை. அங்கே ஆக்சிலரேட்டரை எடுக்காமலே சுற்றலாம் என்பதால் ஓட்டும் திறன் முழுவதும் காற்றைப் படிப்பதில் இருக்கிறது. எந்த வரிசை முன்னேறும், யார் பின்னாலிருந்து தள்ளுவார், எப்போது வரிசையை விட்டு விலகினால் தனித்து விடப்படுவோம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இண்டியானாபொலிசில் சாய்வு 9 பாகை 12 கலை மட்டுமே. அதன் நான்கு வளைவுகளும் காகிதத்தில் ஒரே அளவு. ஆனால் முன்னால் செல்லும் காரின் பின்காற்றில் முன்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும்போது நான்கும் நான்கு விதமாக நடந்துகொள்ளும். மார்ட்டின்ஸ்வில் ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத காகித ஊக்கு வடிவத் தடம். அங்கே பிரேக்கைச் சூடாக்காமல் பந்தயத்தை முடிப்பதே தனிக் கலை.

வளைவுகள் குறைவாக இருப்பதால்தான் டயர் தேய்வும் எரிபொருள் குறைவும் காரை எப்படி மாற்றுகின்றன என்பது கைக்குத் தெரிகிறது. இருபது வளைவுள்ள தடத்தில் அந்த நுண்மை மற்ற இரைச்சலில் அமுங்கிவிடும். காரின் குணத்தை அறிய நான் எந்தப் புதியவருக்கும் முதலில் ஓவலைத்தான் சொல்வேன்.

சரளைக்கல்

அகலமா குறுகலா என்பதைவிட, தடத்தின் ஓரத்தில் என்ன இருக்கிறது என்பதே என் தேர்வைத் தீர்மானிக்கிறது. புல்லும் சரளைக்கல்லும் இருந்தால் எல்லையை மீறியவனை நிலமே தண்டிக்கும். தார் போட்ட அகன்ற ஓரம் இருந்தால் தண்டிக்கும் பொறுப்பு மென்பொருளிடம் போய்விடுகிறது. ஐரேசிங் என்னும் சிமுலேட்டரில் நான்கு சக்கரமும் வெளியே போனால் ஒரு புள்ளி, கட்டுப்பாட்டை இழந்தால் இரண்டு, மற்றொரு காரைப் பலமாக மோதினால் நான்கு என்று கணக்கு ஏறும். ஒரு வளைவில் வெளியே போனதால் காரின் வேகம் கூடியது என்றாலும் குறைந்தது என்றாலும் அதே ஒரு புள்ளி. ஓட்டுபவனுக்கு இது நியாயமாகப் படுவதில்லை.

இது நம் திரைக்கு மட்டும் உரிய சிக்கல் இல்லை. 2023-இல் ஆஸ்திரியாவின் ரெட் புல் ரிங்கில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில் எல்லை மீறியதாகச் சந்தேகிக்கப்பட்ட நிகழ்வுகள் 1,200-க்கும் மேல். முடிவு அறிவித்த பிறகும் தண்டனைகள் சேர்ந்துகொண்டே போயின. அடுத்த ஆண்டு கடைசி இரண்டு வளைவுகளின் வெளிப்புறத்தில் சரளைக்கல் பட்டையைப் போட்டார்கள்; அந்த இடத்தில் சிக்கல் ஏறக்குறைய மறைந்தது. ஸ்பாவிலும் 2022 புதுப்பிப்பில் பல வளைவுகளுக்குச் சரளைக்கல் திரும்ப வந்தது. சிமுலேட்டரில் அதன் புதிய வடிவத்தையும் பழைய வடிவத்தையும் அடுத்தடுத்து ஓட்டியவர்களுக்கு லா சூர்ஸிலிருந்து வெளியேறும்போதே வேறுபாடு தெரியும்.

எனக்குப் பிடித்தது ஓல்டன் பார்க். இங்கிலாந்தின் செஷையர் மாவட்டத்து மரங்களுக்கு நடுவே ஓடும் அந்த 4.3 கிலோமீட்டர் தடத்தில் பல இடங்களில் ஓரம் என்றால் ஈரப் புல் மட்டும்தான். கேஸ்கேட்ஸில் அரை சக்கரம் அகன்றால் போதும்; நீதிபதி தேவையில்லை.

பின்கண்ணாடி

நண்பர் சரளைக்கல் சொல்வது தனியாக விரைவு நேரம் எடுக்கும்போது முழுக்கச் சரி. பந்தயத்தில் இன்னொருவர் என்னைத் தள்ளிவிட்டாலும் அதே புல்லில்தான் நான் விழுகிறேன். நிலம் யார் குற்றவாளி என்று பார்ப்பதில்லையே. தார் ஓரம் இருந்தால் குற்றமற்றவன் மீண்டும் பந்தயத்துக்கு வரலாம்.

மதிலோரம்

நகரத் தெருத் தடங்களுக்காக யாரும் இதுவரை வாய் திறக்கவில்லை. நான் திறக்கிறேன்.

சீனாவின் மக்காவு நகரிலுள்ள கியா தடம் 6.12 கிலோமீட்டர். முதல் பகுதியில் கடற்கரையோரம் ஓவல் போன்ற வேகம். லிஸ்போவா வளைவைத் தாண்டியதும் மலைமேல் ஏறும் சந்துகள். மிகக் குறுகிய இடத்தில் அகலம் ஏழு மீட்டர். மெல்கோ ஹேர்பின் என்னும் கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தாலும் கார் திரும்புமா என்ற ஐயம் ஒவ்வொரு சுற்றிலும் எழும். ரேஸ்ரூம் சிமுலேட்டரில் இத்தடம் இருக்கிறது. ஓட்டாதவர்கள் ஓட்டிப் பாருங்கள்.

தெருத் தடத்தின் சிறப்பு சுவர் இருப்பதில் மட்டும் இல்லை. சுவரை எவ்வளவு நெருங்கலாம் என்பதை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்பதில் இருக்கிறது. முதல் சுற்றில் ஒரு முழம் விட்டு ஓட்டுவோம், பிறகு அரை முழம், பிறகு விரற்கடை. வேகம் அந்த இடைவெளியில்தான் ஒளிந்திருக்கிறது. மொனாக்கோவின் ஹேர்பினை மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில் எடுக்க வேண்டியிருப்பதால், உண்மையான ஃபார்முலா ஒன் அணிகளே அங்கே ஸ்டீயரிங் கூடுதலாகத் திரும்பும்படி காரை மாற்றுகின்றன. நாமும் சிமுலேட்டரில் ஸ்டீயரிங் விகிதத்தை மாற்றாமல் போனால் அந்த வளைவில் நின்றுவிடுவோம். ஆட்டோமொபிலிஸ்டா 2 சிமுலேட்டரில் அசூர் சர்க்யூட் என்ற வேறு பெயரில் இருப்பது இதே தடம்தான் என்பதைப் புதியவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

முந்துவது கடினம் என்ற குறைக்கு என்னிடம் பதில் இல்லை. தகுதிச் சுற்றுக்காகவே ஒரு வகைத் தடம் இருந்தால் என்ன?

பழையதடம்

இங்கே குறிப்பிட்ட தடங்கள் எல்லாவற்றிலும் பணமும் வாய்ப்பும் இருந்தால் ஒருவர் உண்மையாகவே ஓட்டலாம். எனக்குப் பிடித்த வகையில் அது நடக்காது. நான் சொல்வது இன்று பந்தயத்தில் இல்லாத தடங்கள்.

பாப்பிரஸ் நிறுவனம் உருவாக்கி 1998-இல் வெளிவந்த கிராண்ட் பிரி லெஜெண்ட்ஸ் என்னும் கணினி விளையாட்டு, 1967-ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பருவத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது. அதில் பழைய ஸ்பா பதினான்கு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். வயல்களையும் வீடுகளையும் ஊடுருவிச் செல்லும் பொதுச்சாலை. மாஸ்டா என்ற ஊரில், இரு நீண்ட நேர்பாதைகளுக்கு நடுவே, வீட்டுச் சுவர்களை ஒட்டி ஒரு சிறு நெளிவு வரும். வேகத்தைக் குறைக்காமல் அதைக் கடந்தால் அடுத்த நேர்பாதை முழுவதற்கும் ஆதாயம். தவறினால் எதிரே இருப்பது ஒரு குடும்பத்தின் திண்ணை. ஃபார்முலா ஒன் 1970-உடன் அங்கே நின்றது.

ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமும் அப்படித்தான். காட்டுக்குள் நீண்டு சென்ற 6.8 கிலோமீட்டர் தடத்தை 2002-இல் 4.574 கிலோமீட்டராகச் சுருக்கி, கைவிட்ட பகுதியில் தாரைப் பெயர்த்து மரம் நட்டுவிட்டார்கள். ஆட்டோமொபிலிஸ்டா 2-இல் அதன் பழைய வடிவங்களை ஓட்டலாம். நேர்பாதைக்காக, காரைத் தரையோடு அழுத்தும் இறக்கையைக் குறைத்தால் அரங்கப் பகுதியின் மெது வளைவுகளில் கார் வழுக்கும்; கூட்டினால் காட்டில் எல்லோரும் நம்மைக் கடந்து போவார்கள். புதிய வடிவத்தில் அந்தத் தவிப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. அசெட்டோ கோர்சா சிமுலேட்டரில் வரும் 1966-ஆம் ஆண்டு மான்சாவின் சாய்தளத்தையும் இதே வரிசையில் வைப்பேன்.

திரைமூன்று

கருவியைப் பற்றிப் பேசாமல் தடத்தைப் பற்றிப் பேசுவது எனக்குப் பாதி உரையாடலாகத் தோன்றுகிறது. ஒற்றைத் திரையில் ஓட்டுபவருக்கு ஸ்பாவின் ஓ ரூஜ் ஏற்றம் ஏறக்குறைய சமதளமாகத் தெரியும், வி.ஆர். (மெய்நிகர்) கண்ணாடி அணிந்தால் அதே ஏற்றம் சுவர்போல எதிரே எழும். மேடுபள்ளத் தடங்களைப் புகழ்பவர்களில் எத்தனை பேர் எந்தத் திரையில் ஓட்டுகிறார்கள் என்பதை அறிய ஆவல்.

என்னைப் பொறுத்தவரை, கையில் பேசும் தடமே நல்ல தடம். ஃபுளோரிடாவின் சீப்ரிங் அதற்கு இணையற்ற சான்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பி-17 குண்டுவீச்சு விமானக் குழுக்களுக்குப் பயிற்சி தந்த ஹெண்ட்ரிக்ஸ் விமானதளத்தின் ஓடுபாதைகள்மேல் அமைந்த தடம் அது. ஏற்ற இறக்கம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. வரைபடத்தில் பார்த்தால் யாரும் விரும்ப மாட்டார்கள். ஆனால் பழைய கான்கிரீட் பலகைகளின் இணைப்பு ஒவ்வொன்றையும் லேசர் அளவீடு பிடித்து வைத்திருக்கிறது. கடைசி வளைவான பதினேழாவதில் நுழையும்போது முன்சக்கரங்கள் பிடிப்பதும் விடுவதுமாக ஸ்டீயரிங் கையை உலுக்கும். உட்புறம் ஒரு பாதை குலுக்கல் குறைந்தது, ஆனால் இறுக்கமானது. வெளிப்புறம் வேகமானது, ஆனால் நடுவில் ஒரு பள்ளம் காரைத் தூக்கிப் போடும். டயர் தேயத் தேய எந்தப் பாதை நல்லது என்பதும் மாறும். இதற்குத் திரையின் அளவு தேவையில்லை. தடத்தின் அதிர்வையும் விசையையும் ஸ்டீயரிங் வழியே கைக்குத் தரும் நல்ல ஃபோர்ஸ் ஃபீட்பேக் இருந்தால் போதும்.

கரிவேகம்

நம் ஊர்த் தடங்களைப் பற்றி ஒரு குறிப்பு. 1990 முதல் இயங்கும் இருங்காட்டுக்கோட்டை தடம் 3.717 கிலோமீட்டர், கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள கரி ஸ்பீட்வே அதைவிடச் சிறியது. இரண்டும் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாதவை. 2024-இல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 கார்கள் இரவில் ஓடிய தடம் மதிலோரம் அவர்களின் கட்சியைச் சேரும். கிரேட்டர் நொய்டாவின் புத் தடம், பின்கண்ணாடி சொன்ன டில்கேயின் கைவண்ணம். 2011 முதல் 2013 வரை நடந்த மூன்று பந்தயங்களையும் செபாஸ்டியன் வெட்டல் வென்றார், அந்த ஆண்டுகளின் அதிகாரப்பூர்வ ஃபார்முலா ஒன் விளையாட்டுகளிலும் அது இடம்பெற்றது. அகன்ற வளைவு நுழைவுகளும் உண்டு, ஏற்ற இறக்கமும் உண்டு. இரு தரப்பும் ஒப்புக்கொள்ளக்கூடிய தடம் என்று அதைத்தான் சொல்வேன்.

வளைவுப்பித்தன்

எதிர்பார்த்ததைவிட நல்ல பதில்கள். பின்கண்ணாடியின் வாதத்தில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். அகலம் இருந்தால் சண்டை நீளும் என்பது எல்லாக் காருக்கும் பொருந்தாது. ஜிடி3 காரை வைத்து நீங்கள் சொல்வதை எம்.எக்ஸ்-5 என்னும் சிறு காரை வைத்துச் சொல்ல முடியுமா?

ஐரேசிங்கில் புதியவர்கள் அந்தக் காரில்தான் தொடங்குகிறார்கள். அதை அமெரிக்காவின் லைம் ராக் போன்ற இரண்டரை கிலோமீட்டர்கூட இல்லாத சிறு தடத்திலோ, இரண்டு கிலோமீட்டர் அளவே உள்ள ஜப்பானின் ட்சுகுபாவிலோ ஓட்டினால், ஒவ்வொரு வளைவிலும் இரண்டு பேர் பக்கத்துக்குப் பக்கம் போகலாம். வேகம் குறைவு, பின்காற்றுத் தொல்லை இல்லை, பிரேக் தூரம் நீளம். அதே காரைப் பஹ்ரைனில் இறக்கினால் நேர்பாதையில் தேநீர் குடிக்க நேரம் இருக்கும்; அகலம் வீணாகக் கிடக்கும். மறுபக்கம், தரையோடு அழுத்தும் காற்றுவிசை மிகுந்த ஃபார்முலா காரை ஓல்டன் பார்க்கில் ஓட்டினால் சரளைக்கல் புகழ்ந்த அந்தப் புல்லோரம் அச்சுறுத்துமே தவிர, முந்த ஓர் இடமும் தராது. எனவே வகையைச் சொல்லும்போது எந்தக் காரோடு என்பதையும் சேர்த்துச் சொல்வதே பொருத்தம். என் விடையையும் அப்படியே திருத்தி எழுதுகிறேன்: மலைத்தடம், ஜிடி3 அல்லது அதைவிட மெதுவான கார், பன்னிரண்டு பேருக்கு மிகாத பந்தயம்.

பின்கண்ணாடி

பன்னிரண்டு பேர் என்ற நிபந்தனையைச் சேர்த்ததும் எனக்கும் உங்களுக்கும் உள்ள வேறுபாடு பெரிதும் குறைந்துவிட்டது. மலைத்தடத்தில் என் அச்சம் கூட்டத்தைப் பற்றியதே. ஆனாலும் புதிய தடம் என்றாலே மந்தம் என்ற பேச்சை ஏற்க மாட்டேன். 2020-இல் நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட் தடத்தின் மூன்றாம் வளைவை மேலே போகப் போகச் சாய்வு கூடும்படி 19 பாகை வரை மாற்றிக் கட்டினார்கள். கீழ்ப்பாதை குறுகிய தூரம், மேல்பாதை கூடுதல் வேகம். இருவர் வேறு வேறு பாதையில் நுழைந்து ஒரே இடத்தில் வெளியே வருகிறார்கள். பழைய தடத்துக்கு இந்தக் காலத்துப் பொறியாளர்கள் சேர்த்த வளைவு அது.

இடப்புறம்மட்டும்

சாய்வான வளைவு, மேலும் கீழுமாக இரண்டு பாதை, பக்கத்துக்குப் பக்கம் வெளியேறுதல். நண்பரே, நீங்கள் விவரித்தது ஓவலின் ஒரு வளைவு. இன்னும் மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு டேடோனாவில் ஓர் இடம் வைத்திருக்கிறேன்.